படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் அடங்குகிறது: அப்பாவை எப்படிப் படுக்க வைப்பது?

ஈரோடு மாவட்டத்திலிருந்து எழுதியிருக்கும் இந்த வாசகி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். 67 வயது அப்பாவைக் கவனித்துக்கொள்வதும் அவர்தான். அப்பா காலமெல்லாம் விசைத்தறியில் உழைத்தவர். பீடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று நான்கு வருடத்துக்கு முன்பு சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள். அதை வைத்து ஓரளவு சமாளித்துக்கொண்டிருந்தவருக்குக் கடந்த ஒரு மாதமாக ராத்திரிதான் பிரச்சினை. பத்து மணிக்குப் படுக்கிறார், பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் மூச்சு முட்டி எழுந்துவிடுகிறார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முழங்கால் மேல் கையை ஊன்றி, தலையைத் தொங்கப்போட்டபடி அரை மணி நேரம் இருந்தால் அடங்குகிறது. மறுபடி படுக்கப் பயந்து, விடியும்வரை பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தூங்குகிறார். முன்பு ஒரு தலையணை போதும், இப்போது மூன்று வேண்டியிருக்கிறது. சாயங்காலமானால் இரண்டு பாதமும் வீங்குகின்றன.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "குனிஞ்சு உட்கார்ந்தா நெஞ்சு அமுங்கும், நிமிர்ந்து உட்காருங்க" என்பது அம்மா. வீக்கம் வடியட்டும் என்று ராத்திரி காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்துவிடுவதும் அம்மாதான். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரைக் கொண்டுவந்து வைத்து, "95-க்குக் கீழ போகக் கூடாது, ராத்திரி பூரா அஞ்சு லிட்டர்ல ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆக்சிஜன் இல்லாமல் பகலில், விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் காட்டுவது 91, 92. அதைப் போட ஆரம்பித்ததிலிருந்து காலையில் தலைவலி, பத்து மணி வரை மந்தம். 2021-இல் நண்பர் ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்துத்தான் பிழைக்க வைத்தார்கள் என்று அண்ணன் சொல்ல, அப்பாவையும் அப்படிப் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் அவர் திமிறி எழுந்து "என்னைக் கொன்னுடாதீங்கடா" என்றிருக்கிறார். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் பேசுவதில்லை. தூக்கம் இல்லையே என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையும் நாலைந்து நாளாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

எப்படிப் படுக்க வைத்தால் மூச்சு சுலபமாகும், நாற்காலியிலேயே தூங்கவிட்டால் அதுவே பழகிப்போய்விடாதா, குப்புறப் படுப்பது நல்லதா கெட்டதா, ஆக்சிஜன் எவ்வளவு வைப்பது, ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்கு எடுக்கலாமா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் அவசரமான பகுதிக்கு அன்றே மின்னஞ்சலில் பதில் எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஐந்து கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. நான்கு வருடமாக இதே நோயோடு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த மனிதரால், இந்த ஒரு மாதமாக மட்டும் ஏன் படுக்க முடியவில்லை? எனக்கு இதுதான் முதல் கேள்வி. எப்படிப் படுக்க வைப்பது என்பதெல்லாம் அப்புறம்தான்.

சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு நடந்தால், குளித்தால், படி ஏறினால் மூச்சு வாங்கும். படுத்தாலும் சிலருக்குச் சிரமம் உண்டு. ஆனால் தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் திணறி எழுவது, எழுந்து உட்கார்ந்த அரை மணியில் அடங்குவது, தலையணை ஒன்றிலிருந்து மூன்றாக உயர்வது, இரண்டு காலும் வீங்குவது எல்லாம் சேர்ந்து வந்தால் மருத்துவர்களாகிய நாங்கள் இதயத்தைச் சந்தேகிப்போம். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் மெல்ல ரத்தத்தில் கலந்து மார்புக்குத் திரும்புகிறது. நல்ல இதயம் அதை முன்னால் தள்ளிவிடும். பலவீனமான இதயத்தால் முடியாது. தள்ள முடியாதது பின்னால் தேங்கி நுரையீரலில் நீராகக் கோர்த்துக்கொள்கிறது. எழுந்து காலைத் தொங்கப்போட்டால் ரத்தம் மறுபடி கீழே இறங்குகிறது, மூச்சு விடுபடுகிறது.

பீடி நுரையீரலைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இதய ரத்தக் குழாயையும் அது சேர்த்தேதான் கெடுக்கிறது. அது போக, பல வருட நுரையீரல் நோயே இதயத்தின் வலது பக்கத்தைக் களைக்க வைத்துக் காலில் நீர் கோர்க்க வைப்பதும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு இதில் எது, அல்லது இரண்டும் சேர்ந்ததா என்று கடிதத்தைப் படித்து யாராலும் சொல்ல முடியாது. ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, எக்கோ எனப்படும் இதய ஸ்கேன், கூடவே சிறுநீரகத்துக்கும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற இதயச் சுமையைக் காட்டும் பரிசோதனைக்கும் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தள்ளிப்போடாமல் உடனே போங்கள். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி நெஞ்சக நோய்ப் பிரிவும் பொது மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம் என்றால் அலைச்சல் குறைவு.

அங்கே "மூச்சு வாங்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால், பழைய சீட்டைப் பார்த்து இன்ஹேலரை மாற்றி எழுதி அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். கூட்டமான ஓ.பி.யில் அதுதான் நடக்கும். அதனால் மூன்று விஷயத்தை ஒரு தாளில் எழுதி முதலிலேயே நீட்டுங்கள். தலையணை ஒன்று மூன்றானது, ராத்திரி ஒரு மணிக்குத் திணறி எழுந்து அரை மணி உட்கார்ந்தால் அடங்குவது, இரண்டு பாதத்திலும் வீக்கம். இந்த மூன்றையும் படித்த மருத்துவர் எக்கோ எழுதாமல் விட மாட்டார். "நீர் மாத்திரை சாப்பிட்டால் வடிஞ்சிடும்" என்று யாராவது சொல்வார்கள், கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பொட்டாசியமும் சிறுநீரகமும் என்ன நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் கொடுக்கும் மருந்து இல்லை அது.

அப்பா குனிந்து உட்காருவது சரிதான்

மூச்சு இழுக்கும் வேலையில் பெரும்பங்கு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசையுடையது. நல்ல நிலையில் அது விரித்த குடைபோல மேல்நோக்கி வளைந்திருக்கும். சுருங்கும்போது கீழே இறங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். சி.ஓ.பி.டி.யில் மூச்சு முழுசாக வெளியே போகாமல் நுரையீரலுக்குள் காற்று தேங்கித் தேங்கி, அந்த வளைவு அமுங்கித் தட்டையாகிவிடுகிறது. ஏற்கெனவே இறங்கிக் கிடப்பது இன்னும் எங்கே இறங்கும்? அதனால் கழுத்து, தோள், மார்புத் தசைகளெல்லாம் உதவிக்கு வருகின்றன. உங்கள் அப்பா மூச்சு இழுக்கும்போது கழுத்துத் தசை புடைப்பதும், காறை எலும்புக்கு மேலே பள்ளம் விழுவதும் இதனால்தான்.

முன்னால் சாய்ந்து கையை ஊன்றும்போது ஒரே நேரத்தில் இரண்டு காரியம் நடக்கிறது. வயிற்றுக்குள் இருப்பவை உதரவிதானத்தைக் கொஞ்சம் மேலே தள்ளி வளைய வைக்கின்றன, அதற்கு வேலை செய்ய இடம் கிடைக்கிறது. கை ஊன்றியிருப்பதால் தோள் அசையாமல் நிற்கிறது. தோளைத் தூக்கிக்கொண்டிருந்த தசைகள் அந்த வேலையை விட்டு விலா எலும்பைத் தூக்க வருகின்றன. இதை யாரும் உங்கள் அப்பாவுக்குச் சொல்லித்தரவில்லை. உடம்பே கண்டுபிடித்த வழி இது.

அம்மா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் தள்ளிவிட வேண்டாம். முதுகு கூனி, வயிறு மடிந்து, தொப்புள் உள்ளே போகிற மாதிரிச் சுருண்டு உட்கார்ந்தால் மூச்சுக்கு இடம் இருக்காது. இடுப்பிலிருந்து முன்னால் சாய வேண்டும், முதுகு ஓரளவு நேராக இருக்க வேண்டும். முழங்கால் இரண்டையும் அகட்டி வைத்தால் வயிறு நடுவில் இறங்க வழி கிடைக்கும். வேட்டி முடிச்சையும் அரைஞாணையும் தளர்த்திவிடுங்கள். சின்ன விஷயம்தான், மூச்சுக்கு ஏங்கும் நேரத்தில் அதுவும் இறுக்கும்.

முழங்காலில் கை ஊன்றி அரை மணி நேரம் இருந்தால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். உங்கள் வீட்டில் தையல் மெஷின் மேஜை இருக்கிறதே, அது போதும். மெஷினை உள்ளே மடக்கிப் பலகையை மூடி, மேஜையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், அவர் சாயும்போது நகராது. கை வைத்த உறுதியான நாற்காலியை எதிரே போட்டு, மேஜைமேல் இரண்டு தலையணையை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அப்பா முன்னால் சாய்ந்து, முழங்கை இரண்டையும் தலையணைமேல் வைத்து, நெற்றியை ஒரு பக்கமாகத் திருப்பி அதன்மேல் சாய்த்துக்கொள்ளட்டும். மூக்கும் வாயும் தலையணையில் புதையக் கூடாது. பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கட்டும். சரியான உயரமா என்று அவர் தோளைப் பார்த்தே சொல்லிவிடலாம். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் தலையணை அதிகம், ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அப்படிச் சாய்ந்தபடியே மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லுங்கள். எதிரே விளக்கு இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும், சுடர் அசைய வேண்டும், அணையக் கூடாது, அந்த அளவு வேகம். இழுப்பதைவிட விடுவது இரண்டு மடங்கு நீளமாக இருக்கட்டும். சின்ன மேஜை விசிறி ஒன்றை முகத்துக்கு நேராக வையுங்கள். முகத்தில் படும் குளிர்ந்த காற்று மூச்சுத் தவிப்பைக் குறைக்கிறது என்பது ஆராய்ச்சியிலும் தெரிந்த விஷயம், ஆக்சிஜன் அளவு மாறாவிட்டாலும் தவிப்பு குறையும். நடக்கும்போது மூச்சு வாங்கினால் சுவரிலோ திண்ணையிலோ கை ஊன்றி இதேபோல் சாய்ந்து நிற்கலாம். நேரில் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தால் இன்னும் நல்லது. 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

காலுக்குத் தலையணை வேண்டாம்

இது அம்மாவுக்கு. காரணம் புரிந்தால் அவரே எடுத்துவிடுவார். நடந்து களைத்துக் கால் வீங்கியவருக்குக் காலை உயர்த்தி வைப்பது நல்ல வைத்தியம். மூச்சு முட்டுகிறவருக்கு அதே வைத்தியம், காலில் இருக்கும் நீரை அவசர அவசரமாக நெஞ்சுக்கு அனுப்புகிற வேலை. எக்கோ பார்த்து மருந்து ஆரம்பிக்கும்வரை ராத்திரியில் கால் உயர வேண்டாம். திணறும் நேரத்தில் கால் தொங்கியேதான் இருக்க வேண்டும். பகலில் மூச்சு நன்றாக இருக்கும்போது குட்டி ஸ்டூலில் காலை நீட்டிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் இருந்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு அது வரும், உடனே காட்ட வேண்டும்.

குப்புறப் படுப்பது யாருக்கு?

உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. குப்புறப் படுக்க வைப்பது உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதற்கு வலுவான ஆதாரமும் இருக்கிறது. 2013-இல் வெளியான, பெரும்பாலும் பிரான்ஸ் நாட்டு மருத்துவமனைகளில் 466 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மல்லாந்து படுத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 33 பேர், குப்புறப் படுக்க வைக்கப்பட்டவர்களில் 16 பேர். மருந்து எதுவும் புதிதாக இல்லை, படுக்கை நிலை மட்டும்தான் வித்தியாசம். ஆனால் அவர்கள் எல்லோரும் நுரையீரல் கடுமையாக அழற்சியடைந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்கள். அந்த நோயில் முதுகுப் பக்கத்து நுரையீரல் நீராலும் எடையாலும் அமுங்கி மூடிக்கொள்கிறது, கவிழ்த்ததும் அது திறக்கிறது. கொரோனாவில் கெட்டதும் ஏறக்குறைய அதே விதம், அதனால்தான் விழிப்பாக இருந்தவர்களையும் அப்படிப் படுக்கச் சொன்னார்கள்.

உங்கள் அப்பாவுடைய நுரையீரலில் பிரச்சினை மூடிக்கொண்டது இல்லை, காற்று வெளியேற முடியாமல் ஊதிக்கிடப்பது. அவரைக் குப்புறப் போட்டால் வயிறு மெத்தையில் அமுங்கி, ஏற்கெனவே திண்டாடும் உதரவிதானத்துக்கு அசையவே இடமில்லாமல் போகும். இதயமும் பலவீனமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் வீட்டில் குப்புறப் படுப்பது பற்றி வெளியிட்ட குறிப்பிலேயே, கடுமையான இதயக் கோளாறு உள்ளவர்கள் செய்யக் கூடாது என்று போட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிய படத்தில் அந்தப் பகுதியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா திமிறி எழுந்ததைப் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். சுயநினைவோடு இருக்கும் ஒருவருக்குத் தன் உடம்புக்குச் செய்யப்படுவதை மறுக்கும் உரிமை இருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது, பெற்ற பிள்ளைகள் முன்னாலும் இருக்கிறது. மூச்சு விஷயத்தில் அவருக்குத் தெரிவது ஆக்சிமீட்டருக்குக்கூடத் தெரியாது. "எப்படி இருந்தா சுலபமா இருக்கு?" என்று அவரையே கேளுங்கள். ஒருக்களித்துப் படுப்பதிலும் இதுதான் விதி. இடப்பக்கம்தான் நல்லது என்று யாராவது சொன்னால், அது நெஞ்செரிச்சல்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சொல்வது. இதயம் பலவீனமானவர்களில் பலருக்கு இடப்பக்கம் படுத்தால்தான் அசௌகரியம், தாமாகவே வலப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஒரு பக்க நுரையீரலில் மட்டும் நிமோனியா என்றால், பெரியவர்களை நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி படுக்க வைப்போம், கீழ்ப்பக்கத்துக்குத்தான் ரத்தம் அதிகம் போகும் என்பதால். இருமலில் ரத்தம் கொட்டினால் இது தலைகீழ், நல்ல பக்கத்துக்குள் ரத்தம் வழிந்துவிடாமல் கெட்ட பக்கம் கீழே. உங்கள் அப்பாவுக்கு இரண்டும் பொருந்தாது. அவருக்கு எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம், தலைப்பக்கம் உயர்ந்திருந்தால் போதும்.

ஐந்து லிட்டர் ஆக்சிஜன், கூடவே தூக்க மாத்திரை

கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது இதுதான். மின்னஞ்சலில் எழுதியதும் இதைப் பற்றித்தான்.

95 என்ற எண் கொரோனா நம் எல்லோர் தலையிலும் ஏற்றிவிட்டுப் போனது. முற்றிய சி.ஓ.பி.டி. உள்ளவருக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுக்கும்போது நாங்கள் வைக்கும் இலக்கு 88-இலிருந்து 92 வரைதான். அப்பா ஆக்சிஜனே இல்லாமல் 91, 92-இல் இருக்கிறார். அவருக்கு அது போதுமான அளவு. அதற்குமேல் ஏற்றினால், இந்த நோயாளிகளில் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு வெளியேறாமல் சேர ஆரம்பிக்கும். அதன் அடையாளம் காலைத் தலைவலி, மந்தம், பகல் தூக்கம், பேச்சில் குழப்பம். நீங்கள் எழுதியிருப்பதும் அதேதான். தூக்க மாத்திரை மூச்சின் வேகத்தை இன்னும் குறைத்து அதைக் கூட்டும். ஆக்சிமீட்டர் அப்போதும் 97 காட்டி "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லும், கரியமில வாயுவை அதனால் அளக்க முடியாது.

தூக்க மாத்திரையை நிறுத்துங்கள். ஆக்சிஜனைப் பகலில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரேயடியாகப் பிடுங்கினால் அளவு சட்டென்று விழும். 88-க்கும் 92-க்கும் நடுவில் நிற்கிற அளவு போதும், ஆக்சிஜன் இல்லாமலே நின்றால் நிறுத்திவிடுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துக் கரியமில வாயு அளவைப் பார்க்கும் ஏபிஜி பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டிலேயே தினமும் 15 மணி நேரத்துக்குமேல் ஆக்சிஜன் தேவைப்படும் சி.ஓ.பி.டி. நோயாளிகள் உண்டு, அவர்களுக்கு அது ஆயுளைக் கூட்டுகிறது. பரிசோதித்துப் பார்த்து, ஓய்வில் இருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழ் இருப்பவர்களுக்கு எழுதித்தருவது அது. அப்புறம், கான்சன்ட்ரேட்டர் ஓடும் அறையில் ஊதுபத்தி, காமாட்சி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். பூஜை அலமாரி அதே அறையில் இருந்தால் விளக்கை வேறு அறையில் ஏற்றுங்கள்.

நாற்காலித் தூக்கம் பழகிப்போகுமா?

போகாது. காரணம் சரியானால் அவரே கட்டிலுக்குத் திரும்பிவிடுவார், யாரும் சொல்ல வேண்டாம். அதுவரை உட்கார்ந்து தூங்குவதில் ஆபத்து நாற்காலியில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்குபவர் சரிந்து விழுவார். அதோடு ஒரே இடத்தில் எடை விழுந்து வால் எலும்பருகே தோல் சிவக்கும். அழுத்திப் பார்த்தும் சிவப்பு மாறாவிட்டால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். துணி போட்ட சாய்வு நாற்காலி வசதிபோலத் தெரியும், ஆனால் நடுவில் தொய்ந்து வயிற்றை மடக்கும், திணறலோடு அதிலிருந்து எழுவதும் பெரும்பாடு.

கட்டிலிலேயே சாய்வு அமைக்கலாம். தலைக்கு மட்டும் மூன்று தலையணை அடுக்குவதால் கழுத்து மடிந்து மோவாய் நெஞ்சில் முட்டும், நெஞ்சு படுத்தேதான் இருக்கும். சாய்வு இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். பழைய காலத்து நர்ஸ்மார் ஒரு வழி வைத்திருந்தார்கள். மரநாற்காலி ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டில் கவிழ்த்துப் போட்டால் அதன் முதுகுச் சட்டம் சரிவாக நிற்கும். அதன்மேல் மடித்த ஜமக்காளமும் தலையணையும் போட்டால் முதுகு முழுக்கச் சாய்ந்துகொள்ளலாம். நாற்காலி சுவரில் முட்டி நகராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டு ஒன்று வைத்தால் கீழே சறுக்க மாட்டார். இந்த உயரம் போதும், காலை நெஞ்சுக்குச் சமமாகத் தூக்காது. அவர் சறுக்கிவிட்டால் சாய்வு நெஞ்சுக்குப் போய் வயிறு மடிந்துவிடும். அப்போது கையைப் பிடித்து இழுக்காமல், இரண்டு பேராகத் துணியோடு தூக்கி மேலே ஏற்றுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தரம் எழுந்து நிற்கட்டும், கணுக்காலை மேலும் கீழும் ஆட்டட்டும்.

சாப்பாடு எப்போதும் நேராக உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக. வயிறு முட்டச் சாப்பிட்டாலே மூச்சு குறுகும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுவது நல்லது.

எப்போது 108?

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் போவது, உதடு நீலம் பாய்வது, எழுப்பினால் குழம்புவது அல்லது கண்ணைத் திறக்காமல் சொருகுவது, நெஞ்சுவலி, இளஞ்சிவப்பில் நுரை நுரையாகச் சளி வருவது, உட்கார்ந்து அரை மணி ஆகியும் அடங்காதது, ஆக்சிமீட்டர் 88-க்குக் கீழேயே நிற்பது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டியில் வருபவரிடம் "படுக்க வைக்காதீங்க, உட்கார்ந்த மாதிரியே கொண்டுபோங்க, இவருக்கு சி.ஓ.பி.டி., ஆக்சிஜன் 88-லிருந்து 92 போதும்" என்று சொல்லுங்கள். பதற்றத்தில் வாய் வராது, அதனால் அட்டையில் எழுதி மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கோ ஈசிஜிக்கோ மட்டமாகப் படுக்கச் சொன்னால், படுத்தால் மூச்சு முட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈசிஜியும் எக்கோவும் தலைப்பக்கம் உயர்த்தியே எடுக்கலாம். இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, உங்கள் உரிமை.

கட்டில் வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எக்கோ முடிவு வந்த பிறகு. இதயம் பலவீனமாகித் தேங்கிய நீர்தான் காரணம் என்றால் சரியான மருந்து ஆரம்பித்துச் சில நாட்களிலேயே பலரால் இரண்டு தலையணையோடு சொந்தக் கட்டிலில் தூங்க முடிகிறது. அப்போது ஆறு மாத முன்பணம் வீண். தேவைப்பட்டால் ஒரு மாதத்துக்கு மட்டும் பேசுங்கள். வாடகைக் கடைகளில் செமி ஃபவுலர், ஃபுல் ஃபவுலர் என்று இரண்டு வகை சொல்வார்கள். முதலாவதில் முதுகுப் பக்கம் மட்டும் உயரும், இரண்டாவதில் முழங்கால் பக்கமும் தனியாக உயரும். சறுக்காமல் இருக்க முழங்கால் மடிப்பு உதவும் என்பதால், வாடகை வித்தியாசம் கட்டுப்படியானால் இரண்டாவதை எடுங்கள். மடிப்பை லேசாக வைத்தால் போதும், காலை உயரத் தூக்க வேண்டாம். கைப்பிடியைச் சுற்றும்போது கட்டில் மடியும் இடமும் அப்பாவின் இடுப்பும் ஒரே நேரில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நெஞ்சிலேயே மடியும். ராத்திரி எழுந்து காலைத் தொங்கப்போட வேண்டியவர் அவர், அதனால் பக்கத்துக் கம்பியை ஒரு பக்கம் இறக்கியே வைத்து, அந்தப் பக்கம் கட்டில் உயரம் அவர் பாதம் தரையில் பதிகிற அளவா என்று அவரை உட்கார வைத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.